கேட்கிற ஓம்

பொலிஸ் சம்பந்தமான வழக்குகளும், வேலை பறிபோகும் நிலையில் நிற்பவர்களின் ஒழுக்காற்று விசாரணைகளும்தான் என் பிழைப்பு. ஊரில் வழக்கறிஞரை அப்புக்காத்து என்று வாய் நிறையச் சொல்வார்கள். லண்டனில் இந்த விசாரணைகளுக்குத் தலையில் பொய்முடிகூடக் கிடையாது. ஜன்னல் திறக்காத ஓர் அறை, மேசைக்குப் பின்னால் மூன்று பேர், தண்ணீர்க் கூசா ஒன்று, அவ்வளவுதான்.

2009இல் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு யாழ்ப்பாணப் பெண் என்னிடம் வந்தார். பொலிஸ் நிலையமொன்றில், பிடித்து அடைத்தவர்களைக் கதவுத் துவாரத்தைத் திறந்து திறந்து பார்ப்பது அவருடைய வேலை. அவருடைய ஷிப்டில் ஒருவர் உள்ளே விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரு சுற்றில் இவர் பார்க்காமல் போனார் என்பது குற்றச்சாட்டு. பார்த்தேன் என்றார் இவர். கமரா அன்று வேலை செய்யவில்லை. அந்தச் சனியன் தேவையான நாளில் எப்போதுதான் வேலை செய்திருக்கிறது!

"வேலை போனால் போகட்டும் அண்ணை. நான் பாக்காமல் விட்டனான் எண்டு மட்டும் அவை எழுதக்கூடாது. மகள் பள்ளிக்கூடத்தில அம்மா பொலிசில எண்டு சொல்லித் திரியிறாள்."

உள்விசாரணையின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். "அந்தச் சுற்றில் துவாரத்தைத் திறக்காமலே போனீர்கள், அப்படித்தானே?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்கிறார். "யெஸ், யெஸ்" என்கிறது இவருடைய குரல். ஒலிப்பதிவை நிறுத்தினேன்.

"என்ன பிள்ளை இது? ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"நான் எங்க ஓம் எண்டனான்? அவர் கதைக்கேக்க கேட்டுக்கொண்டிருந்தனான். பிறகு பதில் சொல்லுவம் எண்டு பாத்தால், அவர் அடுத்த கேள்விக்குப் போட்டார்."

யாழ்ப்பாணத்தார் போனில் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர் கதை முழுக்க "ஓம்... ஓம்... ஓம்..." என்போம், கடைசியில் "அது ஏலாது" என்று வைத்துவிடுவோம். அந்த ஓமில் சம்மதம் ஒன்றும் இல்லை. சொல்லுங்கோ, காதில் விழுகிறது, அவ்வளவுதான். இந்தப் பெண் அந்த ஓமை ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்திருந்தார்.

விசாரணையில் ஒரு மொழி நிபுணரைக் கூப்பிட அனுமதி கேட்டேன். காலம் கடந்துவிட்டது என்றார்கள். நானே எழுந்து எங்கள் ஓமை விளக்கத் தொடங்கினேன். தலைவர் மிகவும் மரியாதையாக இடைமறித்தார். "நீங்கள் இங்கே வழக்கறிஞரா, சாட்சியா?" என்றார். அவர் கேட்டது சரிதான். வழக்குப் பேசுகிறவன் சாட்சி சொல்ல முடியாது. அந்த அறையில் அந்தப் பெண்ணைத் தவிரத் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான், அதைச் சொல்லக்கூடாத ஒரே ஆளும் நான். என்ன கோதாரி பிடித்த தொழில் இது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவரே சொல்லட்டும் என்று அவரைச் சாட்சி சொல்ல வைத்தேன். நன்றாகத்தான் சொன்னார். பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். உயரமான பெண், குரலில் கோபமே இல்லை.

"அப்படியென்றால் நீங்கள் யெஸ் என்று சொன்னால், அதற்கு யெஸ் என்று அர்த்தம் இல்லையா?"

இவர் முகத்தைச் சற்று முன்னால் நீட்டி, கவனமாகக் கேட்டு, "யெஸ், யெஸ்" என்றார்.

மேசைக்குப் பின்னால் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். ஐயோ, இதுதான் ஐயா அந்த ஓம், இதைத்தான் நான் இவ்வளவு நேரமும் சொல்ல வந்தேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. பின்னேரம் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் பார்க்கவில்லை, வேலை இல்லை.

வெளியே நடைவழியில் அவரைப் பிடித்து நிறுத்தி, மேன்முறையீடு செய்யலாம், காலம் குறைவு, நாளைக்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். "ஓம் அண்ணை, ஓம்" என்றார். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

கெடு முடிகிற அன்று நானே போன் எடுத்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். வெல்ல இடமிருக்கிறது, இந்த முறை நிபுணரைக் கூப்பிடலாம், மகளுக்காகவாவது வாருங்கள் என்றேன். மற்றப் பக்கத்தில் "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தது. அது எந்த ஓம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தேன்.