ஃபிரிட்ஜ் இருக்கா? ஆம் / இல்லை

1. சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சி

முதல் நாள் எங்களைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். இருபது பேர், இருபது டேப்லெட், நான்கு பிளக் பாயின்ட். நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள் என்று தெரிந்ததும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துப் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. இந்த வேலையில் என் படிப்பு பயன்படப்போகும் ஒரே இடம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு இடமும் வந்தது. அங்கே அது பயன்படவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், புதிதாகச் சர்வே வேலைக்கு வருகிறவர்களுக்காக.

வேலை எளிமையானது. வீடு வீடாகப் போய் யார் என்ன வேலை செய்கிறார்கள், மாதம் எவ்வளவு வருகிறது, வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். அந்தப் பதிவுகளை வைத்து, ஊரிலேயே மிகவும் கஷ்டப்படும் குடும்பங்களின் பட்டியல் தயாராகும். பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு அவரவர் தொழிலுக்கு ஏற்ற உதவி கிடைக்கும்.

எங்கள் சூப்பர்வைசர் ராஜவேலு சார் போர்டில் நான்கு விதிகள் எழுதினார்.

ஒன்று: அவர்கள் சொல்வதைப் பதியவும். நீங்கள் நினைப்பதைப் பதிய வேண்டாம்.
இரண்டு: பதிலை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.
மூன்று: ஒரு தடவை பதில் சொன்ன பிறகு, சந்தேகப்படுவதுபோல் மறுபடி கேட்க வேண்டாம்.
நான்கு: வீட்டுக்கு ஒரு டீ மட்டும்.

"நாலாவதுதாம்மா முக்கியம்," என்றார். "மத்தத மீறுனா ஆபீஸ்ல சரி பண்ணிக்கலாம். இத மீறுனா நடுத்தெருவுல பாத்ரூம் தேடிகிட்டு நிப்பீங்க."

நான்கையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். நான் அப்படிப்பட்டவள்தான். காய்கறி வாங்கப் போனால்கூடப் பட்டியல் எழுதிக்கொண்டு போவேன், வாங்கியதை டிக் செய்வேன்.

2. ஏழாவது வீடு

எனக்குக் கொடுத்தது கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு மீனவ ஊர். ஏழாவது வீடு பூங்காவனம் அக்காவுடையது. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடு, முன்னால் கீற்றுக் கொட்டகை. கொட்டகையில் சுவரோரமாக ஒரு பெஞ்சு, அதன்மேல் கோணிப்பை, கோணிமேல் பழைய புடவை.

"அங்க உக்காரும்மா. வெயில்ல வந்திருக்க, ஜில்லுனு இருக்கும்," என்றார் அக்கா.

ஜில்லென்றுதான் இருந்தது. கடற்காற்று என்று நினைத்தேன். பெஞ்சுக்குக் கீழிருந்து ஒரு கோடு போலத் தண்ணீர் ஓடி வாசலுக்குப் போனது. தரை கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். முதல் விதிப்படி, நினைத்ததை எங்கேயும் பதியவில்லை.

அக்காவின் கணவர் முருகையன் அண்ணன் தரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிசல் பின்னிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, போன ஏழு நாள்ல என்ன வேலை செஞ்சீங்க?"

"சும்மாதாம்மா இருக்கேன். தடைக்காலமாச்சே, போட்டு போவாது." கை நிற்கவில்லை.

"வேற வேலை எதாவது தேடுனீங்களா?"

"எதுக்குத் தேடணும்? கடலு அங்கயேதான இருக்குது."

இதற்கு டேப்லெட்டில் ஆப்ஷன் இல்லை. அடுத்த கேள்விக்குப் போனேன். "சராசரியா மாசம் எவ்ளோ வரும்ணே?"

"சராசரியா மீனு மாட்டாதும்மா. மாட்டுனா மாட்டும், இல்லன்னா இல்ல."

பூங்காவனம் அக்கா மீன் விற்பவர். கரையில், தடை இல்லாத சின்ன ஃபைபர் போட்டுக்காரர்களிடம் எடுத்து, அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகக் குவார்ட்டர்ஸ் தெருக்களில் விற்பார். பஸ்ஸில் கூடையை ஏற்றினால் கண்டக்டர் முகம் சுளிக்கிறார். ஷேர் ஆட்டோவில் கூடைக்கும் ஒரு ஆள் காசு கேட்கிறார்கள். பத்து மணி தாண்டினால் கூடையில் போட்ட ஐஸ் கரைந்துவிடும். பதினோரு மணிக்கு மேல் வாங்குகிறவர்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பாதி விலைதான் சொல்வார்கள். இதையெல்லாம் அக்கா நிறுத்தாமல் சொன்னார். நான் நிறுத்தாமல் பதிந்தேன்.

"ஆமா, எங்கள இவ்ளோ கேக்குறியே, உனக்கு எவ்ளோ சம்பளம்?"

சொன்னேன்.

"நிரந்தரமா?"

"ஆறு மாசம் கான்ட்ராக்ட்டுக்கா."

"அப்ப மொதல்ல உன் பேர எழுதிக்கம்மா. பொறவு எங்க பேர எழுதலாம்."

அண்ணன் வலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். கடைசிப் பகுதி, வீட்டுப் பொருட்கள். இதை வேகமாகக் கேட்டு முடிப்பது என் வழக்கம்.

"டிவி?"

"இருக்குது. கவர்மென்ட்டு குடுத்தது."

"பைக்?"

"இல்ல."

"ஃபிரிட்ஜ்?"

"இருக்குது."

"வாஷிங் மெஷின்?"

அக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். 'இல்லை' என்று பதிந்தேன். சப்மிட் கொடுத்தேன். ஒரு டீ குடித்தேன். நான்கு விதிகளையும் சுத்தமாகக் காப்பாற்றிய திருப்தியோடு எட்டாவது வீட்டுக்குப் போனேன். அது அவருடைய ஓரகத்தி மல்லிகா அக்கா வீடு. அங்கேயும் அதே மாதிரி பெஞ்சு, அதே ஜில். ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டதற்கு மல்லிகா அக்கா 'இல்லை' என்றார்.

3. பட்டியல்

மூன்று வாரம் கழித்து ஊர்க் கூடத்தில் பட்டியலைப் படித்தார்கள். அன்று மதியம் எனக்கு போன் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் என் நம்பர் எழுதிய சீட்டு ஒட்டிவிட்டு வருவேன். அதைப் பார்த்துக் கூப்பிட்ட முதல் ஆள் பூங்காவனம் அக்கா.

"ஏம்மா, எம் பேரு எங்க?"

"வரலையாக்கா?"

"மல்லிகா பேரு வந்திருக்குது. அவ வூட்டுக்கும் என் வூட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. அவளுக்கு மட்டும் வண்டி வருதாம்."

வண்டி என்றால், பின்னால் ஐஸ் பெட்டி பொருத்திய மூன்று சக்கர வண்டி. பட்டியலில் வந்த மீன் விற்கும் பெண்களுக்கு அதைத் தருவதாக முந்தின வாரமே ஊரில் சொல்லியிருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அக்கா ஏற்கெனவே மல்லிகாவின் மகனுடைய மொபெட்டை வாங்கி ஓட்டப் பழகியிருந்தார். உப்பங்கழிச் சேற்றில் இரண்டு தடவை விழுந்தும் இருந்தார்.

"ரெண்டு தடவ வுழுந்தது வீணா போவணுமா, சொல்லு," என்றார்.

அவருடைய பதிவைத் திறந்து பார்த்தேன். கான்கிரீட் வீடு: ஆம். டிவி: ஆம். ஃபிரிட்ஜ்: ஆம். மூன்றும் சேர்ந்தால் அந்தக் குடும்பத்தைக் கம்ப்யூட்டர் தானாகவே பட்டியலிலிருந்து எடுத்துவிடும்.

"அக்கா, உங்க வீட்ல ஃபிரிட்ஜ் இருக்குன்னு சொன்னீங்களே?"

"ஆமா. அது மேலதான நீ உக்காந்திருந்த."



பிறகு அவரே விவரம் சொன்னார். குவார்ட்டர்ஸில் யாரோ பழைய சாமானுக்குப் போட்ட சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ். கம்ப்ரஸரை இரும்புக் கடைக்காரன் எடுத்துக்கொண்டு, கூட்டை மலிவாகத் தந்தான். அதை மல்லாக்கப் படுக்க வைத்தால் கதவே மூடியாகிவிடும். உள்ளே உடைத்த ஐஸும் மீனும். தண்ணீர் போகக் கீழே ஒரு ஓட்டை. ஊரில் மீன் விற்கும் வீடு எல்லாவற்றிலும் இப்படி ஒன்று இருக்கிறது. மற்றவர்களில் பலர், ஓடாத பெட்டி எப்படி ஃபிரிட்ஜ் ஆகும் என்று 'இல்லை' சொல்லிவிட்டார்கள். இவர் வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ் கிடக்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது என்று 'இருக்குது' என்றார்.

ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று பரீட்சையில் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மார்க் வாங்கியவள் நான். அப்படிப்பட்ட நான் ஒரு ஃபிரிட்ஜின்மேல் நாற்பது நிமிடம் உட்கார்ந்துகொண்டு, ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

4. போட்டோ

சிதம்பரம் ஆபீஸில் ராஜவேலு சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

"ஒருதடவ சப்மிட் ஆனத மாத்தணும்னா ஆதாரம் வேணும்மா. ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு, பாத்துட்டு முடிச்சிடலாம்."

மறுநாள் எனக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் டியூட்டி. நேரில் போக முடியாது. அக்காவுக்கு போன் செய்து, "ஆபீஸர் பாக்கணுமாம், ஃபிரிட்ஜ ஒரு போட்டோ எடுத்து மல்லிகாக்கா பையன் போன்ல இருந்து அனுப்புங்க," என்றேன். இதைவிடத் தெளிவாக ஒன்றைச் சொல்ல முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது படம் வந்தது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். திறந்து பார்க்காமலே சாருக்கு ஃபார்வர்ட் செய்தேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, எங்க வீட்டு ஃபிரிட்ஜவிட நல்லா இருக்கு?"

அப்போதுதான் படத்தைத் திறந்தேன். ஃபிரிட்ஜ் நிமிர்ந்து நின்றது. தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தது. தலையில் பின்னல் விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா. ஒரு பக்கம் பட்டுப்புடவையில் பூங்காவனம் அக்கா. மறுபக்கம் வெள்ளைச் சட்டையில் முருகையன் அண்ணன், கதவின் கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, ஏன்க்கா நிமித்தி வச்சீங்க?"

"ஆபீஸர் பாக்குற போட்டோன்னியே. ஐஸும் கோணியுமா அனுப்புனா நம்மள என்னா நெனப்பாங்க? நாலு பேரு புடிச்சுத் தூக்குனோம். உள்ள இருந்த மீன மல்லிகா பொட்டிக்கு மாத்துனோம். நல்லா வந்திருக்குதுல்ல?"

"நல்லா வந்திருக்குக்கா. அதான் பிரச்சனையே."

"மாமனுக்கு சட்டதான் கொஞ்சம் டைட்டு," என்றார் கவலையோடு.

அன்று வியாழக்கிழமை.

5. வெள்ளிக்கிழமை

சாரிடம் மறுபடி பேசினேன். படம் பொய் என்று சொல்ல என்னிடம் இருந்தது என் வார்த்தை மட்டும். சார் சொன்னார்: "இந்தப் படம் ஃபைல்ல இருக்குறப்ப நான் 'இல்லை'ன்னு மாத்துனா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க. நேர்ல பாத்து, நான் என் கையெழுத்துல எழுதுனாதான் நிக்கும். காலைல வர்றேன், ஆனா மதியத்துக்குள்ள திரும்பணும்."

காலை பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் வண்டியில் முன்னால் போனார், நான் பஸ்ஸில் இறங்கி நடந்தேன். நான் போனபோது அவர் கொட்டகைக்குள் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் டீ. பூங்காவனம் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் இடம் நல்லா ஜில்லுனு இருக்கும்மா," என்றார் சார் அக்காவிடம். "சரி, நேரமாச்சு. எங்க அந்த ஃபிரிட்ஜு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் இரண்டாவது விதியை நினைத்துக்கொண்டேன். பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

"நீங்க எந்திரிச்சாதான் சார் காட்ட முடியும்," என்றார் முருகையன் அண்ணன்.

சார் எழுந்தார். அண்ணன் புடவையை எடுத்தார், கோணியை எடுத்தார், கதவை மேலே தூக்கினார். உள்ளே ஐஸ், அதற்குள் சங்கரா மீன், ஓரத்தில் கால் கட்டிய நாலு நண்டு. ஒரு நண்டு மெதுவாகக் கொடுக்கை விரித்தது. சார் தன் பேன்ட்டின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

"வயர் எங்கம்மா?"

"வயரு, மோட்டாரு, கம்பி எல்லாம் அப்பவே இரும்புக் கடைக்குப் போயிடுச்சு சார். எங்ககிட்ட வந்தது இவ்ளோதான்."

அவர் குனிந்து, அடிப்பக்க ஓரத்தில் கம்ப்ரஸர் இருந்த வெறும் குழியை விரல் விட்டுப் பார்த்தார். மூன்று படம் எடுத்தார், நண்டோடு சேர்த்து. டேப்லெட்டை வாங்கி 'இல்லை' என்று மாற்றி, காரணம் எழுதும் கட்டத்தில் தானே தட்டினார்: "பொருள் உள்ளது. இயக்கம் இல்லை. நேரில் அமர்ந்து சரிபார்க்கப்பட்டது."

"ஏம்மா," என்றார் என்னிடம் மெதுவாக, "இந்த ஊர்ல எத்தன வீட்டுக்கு 'ஆம்' போட்டிருக்க?"

நோட்டைத் திறந்தேன். கணக்கில் பூங்காவனம் அக்காவைப்போல இன்னும் ஆறு பேர் உண்மை சொல்லியிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. சார் மதியம் திரும்பவில்லை. ஆறு வீட்டுக்கும் நடந்தோம். ஆறு கதவுகளைத் திறந்து பார்த்தோம். ஐந்தில் ஐஸ். ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தது. அந்த வீட்டுக்காரர் எங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். நான்காவது விதியைச் சார் அன்று மூன்று வீட்டில் மீறினார்.

6. கற்றுக்கொண்டது

பதில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வரும் கேள்விதான் மிகவும் கடினமான கேள்வி. வருமானத்தைக் கேட்டால் மழுப்புவார்கள், அதனால் நாமே கவனமாக இருப்போம். ஃபிரிட்ஜ் இருக்கா என்பதற்கு யாரும் மழுப்புவதில்லை. அதனால் தலையை நிமிர்த்தாமல் தட்டிவிடுவோம். நேர்மையாகப் பதில் சொன்னவர் பட்டியலில் இல்லாமல் போகும் அளவுக்கு வேகமாக வேலை செய்வது திறமை என்று நான் நினைத்திருந்தேன். அடுத்த பேட்ச் பயிற்சியில் சார் மூன்றாவது விதியை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன்: "உட்காரும் முன், எதன்மேல் உட்காருகிறோம் என்று பார்க்கவும்." கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். காரணத்தைச் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

பூங்காவனம் அக்காவுக்கு வண்டி வந்துவிட்டது. சில மாதம் கழித்து அண்ணாமலை நகரில் ஒரு தெருமுனையில் அவரைப் பார்த்தேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பின்பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு அம்மாவிடம், "செவுள தூக்கிப் பாருங்க, தூக்கிப் பாருங்க, ஒரு ரூவா கொறைக்க மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய ஃபிரிட்ஜ என்னக்கா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"அது இருக்குது அங்கயேதான். மறுபடி யாராச்சும் சர்வே எடுக்க வந்தா உக்கார வேணாமா?"