மழைக்குச் சிவப்பு

பெனிட்டா டீச்சருக்குத் தொண்டை கட்டி நான் பார்த்ததே இல்லை. எங்கள் தீவில், கராச்சர்மாவில் நாங்கள் வேலை பார்த்த பள்ளியில் இது சாதாரணக் காரியம் அல்ல. மழைக்காலம் தொடங்கிவிட்டால் மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் வெந்நீர் பாட்டிலோடு திரிவார்கள். பழைய கட்டடத்துக்குத் தகரக் கூரை. அதில் மழை இறங்கினால் எதிரே நிற்பவரின் வாய் அசைவதுதான் தெரியும், சொல் வந்து சேராது. அதற்கு மேலே போய்க் கத்திப் பாடம் நடத்துவார்கள். பிள்ளைகளும் கத்துவார்கள். ஜெயிப்பது மழைதான்.

பெனிட்டா டீச்சர் கத்தமாட்டார். அவருடைய அப்பா அடைக்கலசாமி ஜங்லிகாட்டில் படகு வைத்திருந்தவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எஞ்சின் ஓடும்போது படகில் யாரும் வாயால் பேசுவதில்லை. வலையை விடு, நிறுத்து, திருப்பு, எல்லாம் கைதான். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அப்பா குழம்பு கேட்பதுகூடக் கையால்தான் என்பார் டீச்சர். அதே கையை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்பை நடத்தினார். உள்ளங்கையைக் கவிழ்த்தால் எழுத வேண்டும். இரண்டு விரலைச் சேர்த்தால் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து செய்ய வேண்டும். காதைத் தொட்டால் வாசிக்க வேண்டும்.

நான் அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஆள். ஒயரும் ஸ்குரூ டிரைவருமாக வகுப்பு வகுப்பாகப் போவேன். என்னை யாரும் கவனிப்பதில்லை, அதனால் நிறையப் பார்க்கக் கிடைக்கும். பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்பே அவருடைய கரும்பலகையில் ஒரு சின்ன வேலை எழுதியிருக்கும். வந்ததும் நோட்டை எடுத்துவிடுவார்கள். 'உட்காரு, பேசாதே' என்கிற சண்டையே கிடையாது. யாராவது சேட்டை செய்தால் பாடத்தை நிறுத்தாமலே அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஏச மாட்டீங்களா டீச்சர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேரைச் சொன்னா மத்த எல்லாப் பயலும் திரும்பிப் பாப்பானுவ. அவனுக்கு அதுதான தம்பி வேணும்? நான் எதுக்கு அவனுக்கு டிக்கெட் இல்லாம சினிமா காட்டணும்?"

தமிழ்வழி வகுப்புதான். ஆனால் மணி அடித்து வெளியே போனால் எல்லாப் பிள்ளைகளும் இந்திதான். வீட்டிலும் பாதி இந்தி. அதனால் நான்கு பேர் முன்னால் தமிழை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் கூசிப்போவார்கள். இதில் லூசி என்ற பிள்ளை மோசம். வாசி என்றால் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கழுத்து வேர்க்கும். வாய் திறக்காது.

பெனிட்டா டீச்சர் அவளை வற்புறுத்தவில்லை, மழைக்குக் காத்திருந்தார். நல்ல மழை பிடித்த ஒரு காலையில் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி, காதைத் தொட்டார். வகுப்பு முழுக்க இரண்டிரண்டு பேராகத் திரும்பி, ஒருவர் காதில் ஒருவர் உயிர்போகிற மாதிரி வாசித்தார்கள். அந்த இரைச்சலில் யார் தப்பாக வாசித்தாலும் யாருக்கும் தெரியாது, சிரிக்க ஆளில்லை. லூசியும் வாசித்தாள். டீச்சர் தன் போனை அவள் வாய்க்கு அருகே பிடித்துப் பதிவு செய்து, இயர்போனை அவள் காதில் மாட்டினார். தன் குரலைத் தானே முதன்முதலாகக் கேட்ட முகம் எப்படி இருக்கும் என்பதை நான் வாசல் பக்கம் பிளக் பாயிண்டைக் கழற்றிக்கொண்டே பார்த்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் அவள் வாசித்தாள். மழை விட்டால் நிறுத்திவிடுவாள்.

"மழை இல்லாமலும் வாசிப்பா. கொஞ்சநாள் போவட்டும்" என்றார் டீச்சர்.

அந்தக் கொஞ்சநாள் கிடைக்கவில்லை. மீட்டர் வந்துவிட்டது.

மெயின்லேண்டிலிருந்து ஸ்ரீதர் என்பவர் விமானத்தில் வந்து, மரைன் ஹில்லில் ஒரு ஏ.சி. ஹாலில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நவீன வகுப்பறை மேலாண்மை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு டேப்லெட். மேசைமேல் நிமிர்த்தி வைத்தால் அது வகுப்பின் சத்தத்தை அளக்கும். அமைதி என்றால் பச்சை, சலசலப்பு என்றால் மஞ்சள், இரைச்சல் என்றால் சிவப்பு. பச்சைக்கு வகுப்புக்கு நட்சத்திரம் கிடைக்கும், சிவப்புக்குப் போகும். சிக்னல் கிடைக்கும்போது கணக்கு தானாகவே மேலே போய், எல்லாப் பள்ளிகளின் வகுப்புகளுக்கும் தரவரிசை வந்துவிடும்.

"அமைதியான வகுப்புதான் கற்கிற வகுப்பு" என்று திரையைக் காட்டினார் ஸ்ரீதர். திரையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பெனிட்டா டீச்சர் எழுந்தார். "எங்களுக்குத் தகரக் கூரை சார். மழைக்கு என்ன செய்ய?"

"மழையா? ஜன்னலைச் சாத்துங்க மேடம்."

ஹால் சிரித்தது. ஸ்ரீதரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, டீச்சரைப் பார்த்துச் சிரித்தது. தகரத்துக்கு அடியில் தொண்டை கிழியக் கத்துகிறவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்குக் கொடுத்த சமோசாவின் எண்ணெய் நாக்கில் ஒட்டிக்கொண்டு இரவு வரை போகவில்லை.

பிறகு நடந்ததை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம். மழை பெய்தால் ஆறாம் வகுப்பு சிவப்பு. பிள்ளைகள் பேசினாலும் சிவப்பு, பேசாவிட்டாலும் சிவப்பு. முதல் நாளே பிள்ளைகள் "லால்! லால்!" என்று கத்தினார்கள், சிவப்பு என்று அர்த்தம். தரவரிசையில் எங்கள் ஆறாம் வகுப்பு கடைசி. கான்கிரீட் கட்டடத்தில் ஏழாம் வகுப்பு எடுக்கிற முத்துராஜ் சார் முதலிடம்.

தலைமையாசிரியர் திருநாவுக்கரசு சார் பெனிட்டா டீச்சரைக் கூப்பிட்டார். நான் அவருடைய பிரிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த அறையில்தான் இருந்தேன்.

"மறுபடியும் கடைசி. ஜோன் மீட்டிங்ல எனக்குத் தலை நிமிர முடியல டீச்சர்."

"மழை சார்."

"மழை எல்லா ஸ்கூலுக்கும்தான் பெய்யுது."

"எல்லா ஸ்கூலுக்கும் தகரமா சார்?"

அவருக்கு அது பிடிக்கவில்லை. பிஸ்கட்டை டீயில் முக்கினார். அது உடைந்து உள்ளே விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்து, சப்பிக்கொண்டே சொன்னார்: "நீங்க கான்ட்ராக்ட். அடுத்த மாசம் புதுப்பிக்கணும். நான் என்ன எழுதட்டும்? மழை பெய்யுதுன்னா? அந்தக் காதுல கத்துற வாசிப்பையெல்லாம் நிறுத்துங்க. பச்சை வரட்டும், கையெழுத்துப் போடுறேன்."

டீச்சர் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தார். ஒருமுறை விட்டுப்போனால் இத்தனை வருடம் பார்த்த வேலை தொடர்ச்சியாகக் கணக்கில் வராது. நிரந்தர வேலைக்கான வயது வரம்பும் நெருங்கிவிட்டது. கையெழுத்து விழாவிட்டால் வகுப்பறை என்பதே அவருக்கு இல்லை. இதெல்லாம் தலைமையாசிரியருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பிஸ்கட் தின்றார்.

வராந்தாவில் முத்துராஜ் சார் பிடித்துக்கொண்டார். "அரே டீச்சர், இதுக்கெல்லாம் எதுக்கு டென்ஷன்? மைக் ஓட்டைல துளி பிளாஸ்டர். பஸ், அவ்வளவுதான், நாள் முழுக்கப் பச்சை." தன் டேப்லெட்டைப் பெருமையாகக் காட்டினார். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். ஓரமெல்லாம் அழுக்கேறிக் கறுத்திருந்தது. அவருக்குப் பின்னால் ஏழாம் வகுப்பில் இரண்டு பேர் தரையில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு மூக்கில் ரத்தம். மேசையில் பச்சை.

"ஹெச்செம் சாருக்குத் தெரியுமா?" என்றார் டீச்சர்.

"அவர்தான் எனக்குப் பிளாஸ்டர் வாங்கிக் குடுத்தார்!"

பெனிட்டா டீச்சர் என்னைப் பார்த்தார். "ஒட்டிக் குடுங்க தம்பி" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. நான் ஒட்டினேன்.

மறுநாள் மழை. டேப்லெட் பச்சையாக நின்றது. முதல் பெஞ்சில் ஒரு பையன் எழுந்து வந்து, எட்டிப் பார்த்து, வகுப்பைப் பார்த்துக் கையை ஆட்டி "நக்லி!" என்றான். போலி என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தார்கள், கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி. டீச்சரின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அவர்கள் முன்னாலேயே பிளாஸ்டரைப் பிய்த்தார். அது முழுசாக வரவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். சிவப்பு வந்தது.

இதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து தலைமையாசிரியர் செய்ததற்குத்தான் என்னிடம் நல்ல சொல் எதுவும் இல்லை. காலை அசெம்ப்ளியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆறாம் வகுப்பு! உங்க சத்தத்தால உங்க டீச்சருக்கு வேலை போகப்போகுது. உங்களுக்கு அவங்க மேல பாசம் இருந்தா வாயை மூடுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல யோசனை தோன்றிய மனிதனின் சிரிப்பு.

அதற்கடுத்த மழையில் டீச்சர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். காதைத் தொட்டார். ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. எல்லோரும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு டேப்லெட்டையே பார்த்தார்கள். சிவப்பு மாறவில்லை. மழைக்குச் சிவப்பு, அது அவர்கள் வாயில் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அது எப்படிப் புரியும்? இன்னும் இறுக்கி மூடினார்கள். சிலர் மூச்சையே பிடித்திருந்தார்கள். லூசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வாந்தி வருகிற பிள்ளை மாதிரி.

டீச்சர் அவளிடம் போய்க் குனிந்து காதைக் கொடுத்தார். அவள் ஏதோ சொன்னாள். டீச்சர் நிமிர்ந்து, நேராக மேசைக்கு வந்து, டேப்லெட்டை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். திரும்பப் போய் லூசியின் காதில் தானே முதல் வரியை வாசித்தார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டிக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து அவள் கையை எடுத்தாள்.

"என்ன சொன்னா டீச்சர்?" என்று அப்புறம் கேட்டேன்.

"நான் வாசிச்சா நீங்க போயிருவீங்கன்னு சொல்லுதா." என்றார். "சீ! ஒரு பச்சப்புள்ள தலையில இதையா கொண்டுபோய் வைப்பான் மனுசன்?"

மாதம் முடிகிறவரை டேப்லெட் அலமாரியிலேயே இருந்தது. ஆறாம் வகுப்பு மழைக்கு மழை வாசித்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 'வகுப்பறைக் கட்டுப்பாடு இல்லை. தொழில்நுட்பத்துக்கு ஒத்துழைக்கவில்லை' என்று காரணம் எழுதியிருந்தார்கள். முத்துராஜ் சாருக்குச் சால்வையும் சான்றிதழும் கிடைத்தன. விழாவில் நான்தான் ஒலிபெருக்கி பார்த்தேன். அவர் அமைதியைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

பெனிட்டா டீச்சரின் இடத்துக்கு ஷோபனா என்ற இளம் ஆசிரியை வந்தார். அவரும் ஒப்பந்தம்தான், பயந்தவர். அவர் வகுப்பில் பிளாஸ்டரும் உண்டு, உதட்டில் விரலும் உண்டு. அதிகாரிகள் வந்தால் தலைமையாசிரியர் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போகிறார். "மழையிலும் எப்படி இருக்காங்க பாருங்க." அவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் டாலிகஞ்ச் பஸ் நிறுத்தத்தில் பெனிட்டா டீச்சரைப் பார்த்தேன். அங்கே ஒரு கடையில் பில் போடுகிறாராம். நலம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில், "லூசி வாசிக்காளா?" என்றார்.

"அமைதியா இருக்கா டீச்சர்" என்றேன்.

"மழைக்குமா?"

"மழைக்கும்தான்."

பக்கத்தில் சாக்கடையில் காறித் துப்பினார். அவர் துப்பி நான் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அவ வீடு எங்கன்னு தெரியுமா?" என்றார்.

கராச்சர்மா மார்க்கெட்டுக்குப் பின்னால் என்று வழி சொன்னேன். அவர் வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது; ஏறவில்லை. எதிர்ப்பக்கம் கடந்து போய் கராச்சர்மா பஸ்ஸுக்குக் கை காட்டினார். படியில் கால் வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"யார்ட்டயும் சொல்லாதீங்க தம்பி. தெரிஞ்சா அந்தப் புள்ள வீட்டுலயும் ஒரு மீட்டரக் கொண்டாந்து வச்சிருவானுவ."