சமயநல்லூர் வியாபாரியின் பாதிச் சுருட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் மதுரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் விளாங்குடிக்குப் போய்விடுவேன். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரான என் நண்பர் நோட்டீஸ் கட்டோடு அங்கே நிற்பார். திண்டுக்கல் ரோட்டில் சந்தைக்குப் போகும் கோழி வியாபாரிகளை மறித்துப் பேசுவதுதான் எங்கள் வேலை.

கோழிகளின் கால்களைக் கட்டி, ஒரு கம்பில் வரிசையாகத் தலைகீழாய்த் தொங்கவிட்டு, தோளில் வைத்து ஆறேழு மைல் நடப்பார்கள். வெயில் ஏறினால் அவை அலகைத் திறந்துகொண்டு இளைக்கும். கூடையில் வைத்துக் கொண்டுபோகச் சொல்லி நோட்டீஸ் அடித்திருந்தோம். அதை மரியாதையாக வாங்கி, வெற்றிலை மடிக்க வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது என்பது மூன்றாவது வாரம்தான் எங்களுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வாயாலும் சொல்லத் தொடங்கினோம். ஒரு நாள், சமயநல்லூர் வியாபாரி ஒருவர் கம்பை இறக்காமலே கேட்டார்.

"சார், நீங்க கோழி திம்பீகளா?"

கம்பவுண்டர் சைவம். நான் பொய் சொல்லவில்லை. "திம்பேண்ணே."

"அறுத்துத் திங்கப்போற கோழிக்கு எதுக்கு சார் பல்லாக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அறுக்குறது ஒரு நிமிசம். தொங்குறது ரெண்டு மணி நேரமில்ல? அது எம்புட்டுப் பாடுபடும்!"

"அதெல்லாம் அதுக்குப் பழக்கம். வேணும்னா நீங்க தொங்கிப் பாருங்க. நான் ஒரு சுருட்டுப் பிடிச்சு முடிக்கிற வரைக்கும் தொங்கிட்டீகன்னா, அடுத்த வாரம் கூடையோட வாரேன்."

கம்பவுண்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் கேட்கவில்லை. ரோட்டோரப் புளியமரத்தில் ஏறி, தாழ்ந்த கிளையில் முழங்காலை மடக்கித் தொங்கினேன்.

"அது செல்லாது சார். கோழி என்ன மொழங்கால மடக்கியா தொங்குது?"

கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டு, தன் துண்டால் என் கணுக்கால்களைக் கிளையோடு கட்டினார். வியாபாரி சுருட்டைப் பற்றவைத்தார். முதலில் சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் காதுக்குள் தவில் அடித்தது; கண் பிதுங்குவதுபோல் ஆயிற்று. என் முகத்துக்கு நேரே கம்பில் ஒரு சிவப்புக் கோழி. அதுவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேசலாம் என்று வாயைத் திறந்தேன், நாக்கு புரளவில்லை. வியாபாரியோ நிதானமாகப் புகை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் அவர் மனைவி தலையில் முட்டைக் கூடையோடு பின்னால் வந்து சேர்ந்தார். கூடையை இறக்கிவைத்தார், சுருட்டைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார்.

"மனுசன் மூஞ்சி ரத்தமாச் செவந்துபோச்சு, புகைய விட்டுக்கிட்டு நிக்கிறீக! அவுத்து விடுங்கய்யா!"

இறங்கியதும் என்னால் நிற்க முடியவில்லை. மண்ணில் உட்கார்ந்தேன். வியாபாரி விடவில்லை. "பாதிச் சுருட்டுதான் ஆச்சு. பந்தயம் முடியல."

"அப்பப் பாதிக் கோழியக் கூடையில கொண்டு வாங்க," என்றார் மனைவி.

சொன்னபடியே அடுத்த ஞாயிறு பாதி கம்பிலும் பாதி கூடையிலுமாக வந்தார். கூடைக் கோழிகளைத்தான் சந்தையில் முதலில் எடுத்தார்களாம். கம்புக் கோழி துவண்டு கிடந்ததால் நோய்க்கோழி என்று தள்ளினார்களாம். அதற்கடுத்த வாரம் அவர் தோளில் கம்பே இல்லை.

என் பேச்சில் அவர் மனம் மாறவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். "கோழிக்கு அது தெரியவா போகுது?" என்றார் கம்பவுண்டர்.

நான் தொங்கிய மறுநாள் திங்கட்கிழமையே விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூட டிராயரோடு இனி மரத்தில் தொங்கக்கூடாது என்று மட்டும் கண்டித்தார்.

எல்லோரும் மாறிவிடவில்லை. கடைசிவரை கம்போடு நடந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சமயநல்லூர் அம்மாள் எங்களைவிடக் கெட்டிக்காரி. கம்போடு யார் எதிர்ப்பட்டாலும் வழிமறித்து, அவர்களது கோழியில் ஒன்றைத் தன் கூடைக்குள் வைத்து, "சந்தை வரைக்கும் பாரு, அப்புறம் பேசு" என்பார். நாங்கள் நோட்டீஸ் அடிப்பதையே நிறுத்திவிட்டோம்.