அரிசி டின்னுக்குள் இருந்த மாத்திரைப் பெட்டி

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நோயைப் பற்றி இந்நினைவு மலரில் "சிறிது உடல்நலக் குறைவு" என்று எழுதினால் போதும் என்றார் அம்மா. விவாத மேடைகளில் எதிரணியை மறுத்துப் பழகிய நான், அம்மாவை இங்கேதான் முதன்முறையாக மறுக்கிறேன்.

கிள்ளானில் பிறந்த அக்கா எங்கள் மூவரில் மூத்தவர். அப்பாவின் மறைவுக்குப் பின் படிப்பை நிறுத்தித் தையல் கற்றார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையே அவருடைய கடை. அந்தத் தையல் இயந்திரம்தான் என்னைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியது. இருபத்தாறாம் வயதில் அவருக்கு பைபோலார் எனப்படும் இருமுனை மனநலக் கோளாறு இருப்பதாக மருத்துவர் கூறினார்.

சில வாரங்கள் அக்கா உறங்கமாட்டார். அளவுப் புத்தகத்தைத் திறக்காமலே நாற்பது ரவிக்கைகளை வெட்டிக் குவிப்பார். "அக்கா தேறிட்டாங்க" என்று நாங்கள் மகிழ்ந்தோம். அந்த வேகமும் நோயே என்று விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. பிறகு, தலை வாரவும் எழாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அதை மட்டுமே நோய் என்றோம், அதையும் மறைத்தோம். துணி கேட்டு வருவோரிடம், "அக்கா பினாங்கு போயிருக்காங்க ஆன்டி, அடுத்த வாரம் வந்துருவாங்க" என்று சொல்வது என் பொறுப்பு. நன்றாகவே சொன்னேன்.

மருந்து அவரை நிலைப்படுத்திய பின், செமினியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின நாளே அம்மா மாத்திரைப் பெட்டியை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டார்.

"பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்.

"கிளினிக் வாசல்கூட அக்காவுக்குத் தெரியாது, ஆன்டி," என்றேன்.

அக்கா எழுந்து உள்ளே போனார். அரிசி ஒட்டிய பெட்டியைக் கொண்டுவந்து கேசரித் தட்டின் அருகில் வைத்தார்.

"தம்பி நல்லா பேசுவான் ஆன்டி, கப்லாம் வாங்கியிருக்கான். ஆனா மாத்திரை சாப்பிடறது நான்லா. எனக்கு பைபோலார். காலையில ஒண்ணு, படுக்கறப்ப ரெண்டு. நேத்து ரெண்டும் அரிசிக்குள்ள தூங்கிருச்சு."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சம்பந்தம் அமையவில்லை. மறுமாதம் அந்த மாப்பிள்ளையின் தாயார் மட்டும் பட்டுத் துணியோடு வந்தார்.

"மருமக கிடைக்கல, டெய்லராச்சும் கிடைக்கட்டும். மாத்திரை போட்டுட்டு வெட்டு, என்ன?"

அக்கா அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அன்றுமுதல் பெட்டி தையல் மேசையில், துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியின் பக்கத்தில் இருந்தது.

நாற்பத்திரண்டாம் வயதில் மாரடைப்பு அவரை அழைத்துக்கொண்டது. அன்று காலை மாத்திரையையும் அவர் தவறாமல் எடுத்திருந்தார்.

சிகிச்சையளித்த மருத்துவருக்கும் தாதியருக்கும், இறுதிச் சடங்கில் அம்மாவின் கையைப் பற்றியபடி அமர்ந்திருந்த செமினி ஆன்டிக்கும் எங்கள் நன்றி. துணிக்காக வந்து, என் சொல்லை நம்பித் திரும்பியவர்களுக்கு நன்றி மட்டும் போதாது. அக்கா பினாங்கை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நீங்கள் நலம் விசாரித்தபோதெல்லாம், உங்கள் குரல் கேட்கும் தொலைவில், அடுத்த அறையில்தான் அவர் படுத்திருந்தார்.