கறை தெரியாத காற்சட்டை

கோயம்புத்தூரில் ஒரு பானிபூரி வண்டிக்கு முன்னால் ஒரு பெடியன் நின்று அடுத்த பூரிக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தான். அவன் போட்டிருந்தது பச்சையும் மண்ணிறமும் திட்டுத் திட்டாய்க் கலந்த காற்சட்டை. என் கை தானாகத் தோள்பையைத் திறந்து ஐசியைத் தேடியது. ஐசி என்றால் என்னவென்று எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அடையாள அட்டை. பெடியன் பூரியை விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டான். நான் பையை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

அந்தத் துணி இங்கே எங்கும் கிடக்கிறது. திருப்பூரில் ஏற்றுமதிக்குப் போகாமல் மிஞ்சியதை நடைபாதையில் குவித்து விற்கிறார்கள். தொப்பி, தோள்பை, கைக்குழந்தையின் ஜட்டியில்கூட அதே திட்டுகள். எங்கள் நாட்டில் அதை ஆமிக்காரர், அதாவது ராணுவத்தார், மட்டும்தான் உடுத்தலாம். பருத்தித்துறையில் நான் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது, தெரு முனையில் அந்த நிறம் தெரிந்ததுமே அம்மாவின் நடை மெதுவாகும். அட்டை கைக்கு வந்துவிடும். குரல் ஒரு படி இறங்கும். பேந்து நான் வளர்ந்து ஏ.எல். வகுப்பில் படித்த காலத்தில் அம்மா படலையடியில் நின்று கேட்டது, சாப்பிட்டியா என்று இல்லை. "ஐசி எடுத்தனியே?" என்றுதான்.

இப்படிப்பட்டவள் கடல் தாண்டி இங்கே எதைப் படிக்க வந்தேன் என்று கேளுங்கள். உருமறைப்பை! பகலில் மரப்பட்டையில் ஒட்டிக்கிடக்கும் அந்துப்பூச்சிகள்தான் என் ஆராய்ச்சி. நிறம் ஒத்துப்போனால் போதும் என்று நானும் முதலில் நினைத்திருந்தேன். பார்க்கப் பார்க்கத்தான் விளங்கியது. பூச்சி மரத்தில் இறங்கியதும் கொஞ்சம் நடக்கும், உடம்பைத் திருப்பும், மறுபடி திருப்பும். தன் கோடுகள் பட்டையின் வெடிப்புகளோடு ஒரே திசையில் ஓடும் இடம் கிடைத்ததும் அப்படியே உறைந்துவிடும். பிறகு பக்கத்தில் குருவி வந்தாலும் அசையாது. அசைந்தால் எந்த நிறமும் காப்பாற்றாது.

நானும் அப்படித்தான் உடம்பைத் திருப்பிக்கொண்டேன். வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே, "கேரளாவுங்களா?" என்றார்கள். இல்லை, இலங்கை என்றால் முகம் இளகிவிடும். "அய்யோ பாவம், எத்தன கஷ்டப்பட்டிருப்பீங்க கண்ணு" என்பார்கள். அந்த அன்பில் துளி பொய் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் என்ன பகிடி விட்டாலும் ஒருவரும் சிரிப்பதில்லை. நல்ல மனுசர் எல்லாரும் என்னை ஒரு மரணவீடு மாதிரிப் பார்த்தார்கள். எனக்கு அது காணும், போதும் என்று ஆகிவிட்டது. பேச்சை மாற்றினேன். சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டேன். நாங்கள் 'செய்துபோட்டன்' என்பதை இவர்கள் 'செஞ்சுபோட்டேன்' என்கிறார்கள். எங்கள் 'வாறன்' இங்கே 'வாரேன்'. பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. ஊர் கேட்டால் ராமநாதபுரம் என்றேன். கோயம்புத்தூருக்குள்ளேயே ஒரு ராமநாதபுரம் இருப்பது தெரியாமல் ஒரு ஓட்டோக்காரரிடம் சொல்லி, அவர் என்னை நேரே அங்கே கொண்டுபோய் இறக்கியது வேறு கதை.

அந்த வேடத்தோடுதான் பொள்ளாச்சிப் பக்கம் தனலட்சுமி அக்காவின் தென்னந்தோப்புக்குப் போய்வந்தேன். அக்கா தோப்புக்காரி. தேங்காயை ஏற்றி விற்பது அவருடைய தம்பி செந்தில். பூச்சியைப் பார்க்க ஒருத்தி பஸ் பிடித்து வருவது அவர்களுக்குத் தீராத வேடிக்கை. "ஏனுங்க அம்மணி, இன்னிக்கு எந்தப் பூச்சி வீட்டுல விருந்து?" என்பான் செந்தில். "உன்ற மூஞ்சியப் பாத்தா பூச்சியெல்லாம் ஓடிப்போயிரும், தள்ளி நில்லு" என்பார் அக்கா. நானும் திருப்பிக் கொடுப்பேன். இந்த நாட்டில் என்னைக் கேலி செய்த ஒரே வீடு அது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

ஒரு நாள் தென்னையடியில் குந்தியிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் கண்ணுக்கு நேரே பச்சையும் மண்ணிறமும். சுதாரித்தபோது நான் எழுந்து நின்றிருந்தேன். தலை குனிந்திருந்தது. நீட்டிய கையில் ஐசி.

செந்தில், இரண்டு கையிலும் இளநீரோடு நின்றான். "எளநி வேணுமான்னு கேக்க வந்தா கார்டு காட்டறீங்க. நான் என்ன டிக்கெட் செக்கருங்களா?" இளநீரை இறக்கி வைத்துவிட்டு அட்டையை வாங்கினான். மேலே இருந்த சிங்கள எழுத்தைப் பார்த்தான். கீழே இருந்த தமிழை அவன் விரல் மூடியிருந்தது. "அக்கா, இங்க வா! ராமநாதபுரமின்னு சொல்லிப்போட்டு அம்மணி கேரளாவாமா! கார்டெல்லாம் மலையாளத்துல இருக்குது!"

ஆமாம், கேரளாதான் என்று ஒரு தலையாட்டல் போதும். பட்டை பக்கத்திலேயே இருந்தது, போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். அக்கா வந்தார். அட்டையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "ஏன் கண்ணு, கை இப்பிடி நடுங்குது?"

கேரளாக்காரியின் கை எதற்கு நடுங்க வேண்டும்? அதற்கு என்னிடம் பொய் இல்லை. "நான் யாழ்ப்பாணம் அக்கா. உந்தக் காற்சட்டை... அங்கை ஆமி போடுறது." எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இந்த மண்ணில் நின்று என் பேச்சைப் பேசினேன்.

செந்தில் தன் காலை அப்போதுதான் பார்ப்பவன் போலக் குனிந்து பார்த்தான். "தேங்கா மட்டைக் கறை தெரியாதுன்னு போட்டதுங்க" என்றான், மெதுவாக. எங்கள் ஊரை நடுங்கவைத்த நிறம் இவனுக்குத் துவைக்கும் வேலையைக் குறைத்திருக்கிறது, அவ்வளவுதான். "போயி மாத்தீட்டு வா" என்றார் அக்கா. போனான். அன்று ஒருவரும் கேலி செய்யவில்லை. அந்த இளநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். மரணவீடு இந்தத் தோப்புக்கும் வந்துவிட்டது என்று பஸ்ஸில் யன்னலோரம் இருந்து அழுதேன்.

அடுத்த கிழமை போகவே மனமில்லை. பூச்சிக்காகப் போனேன். செந்தில் வெள்ளை வேட்டியில் லாரிக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தான். முழங்காலிலிருந்து இடுப்புவரை பழுப்புக் கறை. என்னைக் கண்டதும் நிமிர்ந்தான். "வாங்க செக்கரம்மா. கார்டு எடுத்துட்டு வந்தீங்களா? உங்களால என்ற வேட்டியெல்லாம் நாசமாப் போச்சுங்க. தொவைக்கறதுக்கு இன்னிக்கு நீங்கதான்!"

"போடாப்பா, உன்ரை வேட்டியை நீயே தோய்" என்றேன், என் பேச்சிலேயே. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "என்ற சாமி, இது என்ன பாசையோ!"

கொடியில் இன்னொரு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை தோய்த்தும் போகாத கறைகள் திட்டுத் திட்டாய். தூரத்தில் பார்த்தால் அதே துணி மாதிரித்தான் இருந்தது. கிட்டப் போனேன். ஒரு அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் நடந்தது, உடம்பைத் திருப்பியது, நின்றது. இடது இறக்கை கறைக்குள் இருந்த இடமே தெரியவில்லை. வலது இறக்கை வெள்ளையில் பளிச்சென்று கிடந்தது. இனி அது நகரும், நல்ல இடம் தேடும் என்று கமராவைப் பிடித்தபடி காத்திருந்தேன். அது நகரவில்லை.