சுவரில் ஓட்டை போடாத நோபல் பரிசு

நாளை காலை எனக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல்.

சிங்காநல்லூர் வாடகை வீடு. இன்டர்நெட் கேபிள் சுவருக்கு வெளியே தொங்குகிறது. டிரில்லிங் மிஷினுடன் ஆள் நிற்கிறார்.

"ஓட்டை மட்டும் வேண்டாங்க அம்மணி. போன மாசந்தானுங்க பெயின்ட் அடிச்சோம்," என்றார் வீட்டுக்கார அம்மா.

அவர் மனம் இளகட்டும் என்று, இன்று அறிவித்த இயற்பியல் நோபல் பரிசைப் பற்றிப் பேசினேன். நான் படித்த பாடம்.

"ஓட்டையே இல்லாத தடுப்புல எலக்ட்ரான் புகுந்து அந்தப் பக்கம் போயிருமுங்க. அதுக்குத்தான் பரிசு."

"அதுக்குப் போயி பரிசுங்களா? எங்க ஊட்டுக் கொசு தினமும் பண்ணுதுங்களே. எல்லாச் சன்னலும் சாத்தித்தான் கெடக்குது."

டிரில்லிங்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் தப்பு.

"இத்தனை படிச்சிருக்கீங்க. அந்த எலக்ட்ரான் மாதிரியே வயரையும் உள்ள உட்டுப்போடுங்க கண்ணு."

வீட்டுக்கார அம்மா என் கையில் காபியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு மரியாதையாக மறுத்ததால், நன்றிங்க என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

டிரில்லிங்காரர் மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பக்கத்தில் இருக்கும் நண்பர்களே, நாளை காலை ஒரு மணி நேரம் உங்கள் வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாமா? கதவு வழியாகவே வருவேன்.