கொடிமுந்திரி போட்ட வீடு

நேற்று மருந்தறை மேசையில் யாரோ நோயாளிக்கு வாங்கி வந்த பழக்கூடையை வைத்துவிட்டுப் போனார்கள். டிஞ்சர் நெடியையும் மீறி அந்த வாசனை வந்தது. "கொடிமுந்திரி" என்றேன். பக்கத்திலிருந்த நர்ஸ் சிரித்தாள். "திராட்சைன்னு சொல்லுங்க, கம்பவுண்டரம்மா."

மலைக்கு அந்தப்புறம் மலையாளத்தார் இதை முந்திரி என்பார்கள். நாங்கள் முன்னால் ஒரு கொடியைச் சேர்த்துக்கொண்டோம் போலும். பயிரிடுவதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு 'கொடிமுந்திரி போடுறது'. எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது; அந்தச் சொல்லுக்குள் இருப்பவை: குச்சி நடுவது, பந்தலில் ஏற்றுவது, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது, கவாத்து வெட்டுவது. கடைசியைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். வெட்டிய பிறகு வரும் தளிரில்தான் பூப்பிடிக்கும்.

அந்த வருஷம் கவாத்து நேரத்தில், ஓடைப்பட்டியில் கட்டிக்கொடுத்த என் அக்கா முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு பிள்ளை தங்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் முடி வெட்டக் கூடாது, மரம் செடி வெட்டக் கூடாது. அத்தான் தாடியோடு சாமியார் மாதிரி அலைந்தார். நான் கேலி செய்துகொண்டிருந்தேன். ஆள் வைத்து வெட்டலாமே என்றதற்கு, யார் வெட்டினாலும் நம் வீட்டுக் கொடிதானே என்றுவிட்டார் அக்காவின் மாமியார்.

"கொடிமுந்திரி போடுறதுன்னா வெட்டுறதுதான், அத்தே" என்று அக்காவே கத்தியை எடுத்தாள்.

அத்தான் அதை வாங்கிக் கூரையில் செருகினார். "விடு புள்ள. அடுத்த வருசம் வெட்டிக்கிருவோம். கொடி எங்க போகப் போகுது?"

பந்தல் இலையால் இருண்டது, குலை இல்லை. அத்தான் மேகமலை எஸ்டேட்டுக்குக் கூலிக்கு ஏறினார். மலைக்காய்ச்சலோடு கட்டிலில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். நான் அப்போது மருந்துப் படிப்பில் இருந்தேன். அந்தக் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது மனப்பாடம். உலகச் சண்டைக்காலம், கொடுக்கத்தான் கொய்னா கிடைக்கவில்லை.

அவர் போன பிறகு பிள்ளை பிறந்தது, ஒரு குறையும் இல்லாமல். "பெரியவுக சும்மாவா சொன்னாக" என்றார் மாமியார். சொல்லிக்கொண்டே அழுதார்.

பந்தல் கால்களையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். அங்கே இப்போது வாழை நிற்கிறது.

போன தடவை அக்கா ஊருக்குப் போனபோது ஒரு குலை கொடிமுந்திரி வாங்கிப் போனேன். பையன் கையில் வாங்கிப் பார்த்தான்.

"என்ன பழம், சித்தி?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"திராட்சை" என்றாள் அவள், முறத்து அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.